எங்க தட்டுதுங்க?

அந்த அக்காவின் பேச்சை எடுத்தாலே எங்கள் மலை ஊரான செம்மேட்டில் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிடும். எனக்கு வயிறு எரியும். அவர் மலையை விட்டு இறங்கிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியும் எரிச்சல் அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்கள்கூட, ஸ்டூலில் உட்கார்ந்த கையோடு, "ஏனுங்க, அந்தப் பல் செட் அக்கா போன் கீன் பண்ணாங்களா?" என்று என்னிடம்தான் விசாரிக்கிறார்கள். கேமராவைப் பாருங்க என்று அதட்டிவிடுவேன்.

அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்துக் கொடுத்தால் அந்த அளவுக்குப் பல் செட் கட்டுகிறவர். சேந்தமங்கலத்துப் பக்கத்து ஆள். இங்கே ஒரு பல் கிளினிக் திறந்தபோது அதன் பின்னறை வேலைக்காக மலையேறி வந்து, தனியாக ஒரு வீடு பிடித்துத் தங்கினார். யாராவது டாக்டரம்மா என்று கூப்பிட்டால், "டாக்டரு உள்ள இருக்காருங்க, நான் பல்லு கட்டறவ" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். மெதுவாகப் பேசுவது என்பது அவர் வாய்க்கு வராது.

செட் கட்டி முடித்ததும் மாட்டிவிட்டு, நடுவில் ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார். எந்தப் பல் உயரமோ அதில் நீலம் அப்பிக்கொள்ளும். "எங்க தட்டுதுங்க?" என்பார். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார். மறுபடி கடிக்கச் சொல்வார். மறுபடி "எங்க தட்டுதுங்க?" இப்படியே தட்டாத வரைக்கும் ஓயமாட்டார். இதே மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியிலிருந்து வந்த ஒரு பெரியவர், எங்கேயும் தட்டவில்லை என்ற பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாராம். என்னவென்று கேட்டால், "எல்லாம் சரிதான் சாமி. ஆனா இது எம் பல்லு இல்ல" என்றாராம். முன்னால் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார் அக்கா. முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து இருக்கும், அதில் சீட்டி அடிப்பேன் என்று பெரியவர் சொல்ல, புத்தம் புது செட்டில் நடுவே அறுத்து ஒரு சந்து விட்டுக் கொடுத்துவிட்டார். பெரியவர் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சீட்டி அடித்துக்கொண்டு போனதை நானே கண்ணால் பார்த்தேன்.

அக்கா என்றால் அப்படித்தான். கடையில் வாங்கிய எதையும் வாங்கியபடி வைத்துக்கொள்ள மாட்டார். பைக்குள் அடங்கவில்லை என்று புதுக் குடையின் கைப்பிடியை அறுத்தார். ஆடுகிறது என்று நாற்காலிக் காலை அறுத்து, பிறகு மற்ற மூன்று கால்களையும் அறுத்து, கடைசியில் அதை முக்காலி உயரத்துக்குக் கொண்டுவந்து, "இப்பத்தான் சாப்பிட வாகா இருக்குது" என்றார். அறுக்கட்டும். அவர் குடை, அவர் நாற்காலி. என் மேஜைக்கு ஏன் வரவேண்டும்?

என் மேஜையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் பெங்களூரில் வேலை பார்த்தேன். அங்கே பழகியது இந்தப் படை ஆட்டம். விரல் உயரத்துக்குப் பொம்மை வீரர்கள், குதிரைகள், வில்லாளிகள். பிரித்துப் பிரித்துப் பெட்டியில் வரும். நாமே ஒட்டி, நாமே வண்ணம் தீட்டி, மேஜையில் குன்றும் கோட்டையும் வைத்து, பகடை உருட்டி, ஸ்கேலால் அளந்து நகர்த்திச் சண்டை போடவேண்டும். வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது இரண்டு பெட்டிப் பொம்மைகளையும் விதிப் புத்தகத்தையும் கொண்டுவந்தேன். என் மனைவி, "பொம்மைய வெச்சுச் சண்ட போடற வயசா இது?" என்று கேட்டுவிட்டு அதோடு விட்டுவிட்டாள். ஞாயிறு மதியம் ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஆல்பம் ஒட்டுகிற பெரிய மேஜையில் ஆடுவோம். கூட ஆட இரண்டு பேர் சிக்கினார்கள். ஆலத்தூர் நாட்டில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிற பெரியசாமி. மலைக்கு பஸ் ஓட்டுகிற சரவணன்.

விதிப் புத்தகம் செங்கல் கனம். முழுக்க இங்கிலீஷ். அது போதாதென்று ஆட்டத்தை விற்கிற கம்பெனிக்காரன் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று இணையத்தில் விட்டுக்கொண்டே இருப்பான். நான் ஒவ்வொன்றையும் பிரின்ட் எடுத்து, அந்தந்தப் பக்கத்தில் பின் அடித்து, மஞ்சள் துண்டு ஒட்டி வைத்திருந்தேன். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டி, ஒரு விரலை உயர்த்தி, தீர்ப்புச் சொல்வேன். வெளியே நான் போட்டோக்காரன். அந்த மேஜையில் நான்தான் ராஜா. வேறு எங்கேயும் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், எனக்கு இருந்த சொத்தே அதுதான்.

அக்கா ஏதோ விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்தார். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் என் சேனாதிபதி குதிரைமேல் உட்கார்ந்திருந்தான். என்னிடம் இருந்ததிலேயே அருமையான பொம்மை அதுதான். எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "அழகா இருக்குதுங்க தம்பி. ஆனா குதிரைக்கு இப்படிப் பல்லு இருக்காதுங்க. இது மனுசப் பல்லு" என்றார். அன்றுவரை அந்தக் குதிரையின் வாயை நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பல்லைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. "ஒரு வாரம் குடுங்க, சரி பண்ணித் தாரேன்" என்றார். தரமாட்டேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வரலாமா என்று கேட்டார். அங்கேதான் நான் ஏமாந்தேன். வாங்க என்றேன்.

அன்றைக்குப் பெரியசாமியின் வில்லாளி என் காலாளை நோக்கி அம்பு விட்டான். பட்டதா என்று ஒரு பகடை. பட்டால் காயமா என்று இன்னொன்று. காயம் என்றால் கவசம் தாங்கியதா என்று மற்றொன்று. அதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு பட்டியல். கடைசியில் பக்கத்தில் நிற்கிறவன் பயந்தானா என்று மனஉறுதிப் பட்டியல். நான் நாலாவது பக்கத்துக்குத் தாவியபோது பெரியசாமி தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்கண்ணா, அம்பு உட்டா அவன் சாவானா மாட்டானா? அத ஒண்ணு சொல்லுங்க போதும்."

அக்கா குனிந்து அவனைக் கேட்டார். "எங்க தட்டுதுங்க?"

"இந்தக் காத்துலதானுங்க. அம்பு உடறதுக்குள்ள ஊட்டுக்குப் போயிட்டு வந்தரலாம்."

"அப்ப அத எடுத்துட்டு ஒருக்கா ஆடிப் பாருங்க."

எடுத்துவிட்டா? காற்றுப் பட்டியலையா? அதை மனப்பாடம் செய்யவே எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது! நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் பட்டியலை எடுத்துவிட்டு ஆடினார்கள். அம்பு பறந்தது. என் காலாள் செத்தான். பெரியசாமி முதல்முறையாகச் சிரித்தான். "இப்ப எங்க தட்டுதுங்க?" என்றார் அக்கா. எனக்குத்தான் தட்டியது. யார் கேட்டார்கள்?

அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றை ராவினார். மேட்டில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என் புத்தகத்தில் பக்கம் பக்கமாக விதி உண்டு. அதை மொத்தமாக மூடிவைத்துவிட்டு, "ஏறுறவனுக்கு எறங்குறவன் வழி உடணும், அவ்வளவுதானுங்க" என்றார். நம் மலை ரோட்டுச் சட்டம் அது. சரவணன் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "இத்தன நாளா இதச் சொல்ல ஒரு ஆள் இல்லையே!" என்றான்.

"டேய், இது போருடா. போர்ல எவனாவது எதிரிக்கு வழி விடுவானா?" என்றேன்.

"உடாட்டி ரெண்டு பேரும் பள்ளத்துலதான் கெடக்கணும் அண்ணா. என்னைக் கேளுங்க, தெனமும் அந்த வளைவுல திரும்பறவன் நான்."

அளப்பதற்கு ஸ்கேல் வேண்டாம் என்று, பல் செட்டில் வைக்கிற கம்பியை ஒரே நீளத்தில் நறுக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எனக்கும் ஒன்று. என் சட்டைப் பையில் ஸ்கேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொம்மை விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை. கடல் கடந்து வந்த பெட்டிகளை நான் வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கினேன். அந்த அம்மா சந்தையில் பாக்கெட்டில் கட்டி விற்கிற பிளாஸ்டிக் பொம்மைகளை அள்ளிக்கொண்டு வந்தார். தலையை அறுத்தார், கையை அறுத்தார், ஒன்றின் கால்மேல் மற்றொன்றின் உடம்பை வைத்தார். செட்டுக்கு ஈறு வைக்கிற ரோஸ் நிற மாவைக் குழைத்து, காய்வதற்குள் ஊசியால் கண், மூக்கு, மீசை எல்லாம் கீறினார். பெரியசாமிக்கு ஒரு காலாள் கூட்டம் செய்து கொடுத்தார். ஒவ்வொருவன் தோளிலும் ஒற்றை மூங்கில் ஏணி, மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் சாத்துகிற அதே ஏணி. கோட்டைச் சுவரில் சாத்தினால் சரசரவென்று ஏறிவிடுவார்கள். முன்னால் நின்றவனுக்குப் பெரியசாமியின் வழுக்கை. அவன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நானேதானுங்க இது! நானேதான்!" என்று கடை கடையாகக் காட்டினான். சரவணனுக்கு ஒரு யானை. மேலே பாகன், பஸ் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கிற டிரைவர் மாதிரியே உட்கார்ந்திருந்தான். நானும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு வீட்டுக்குப் போய் என்னையே திட்டிக்கொண்டேன்.

எனக்கு மட்டும் பொம்மை எதுவும் செய்து கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்பேனா? ஒரு நாள் அவராகவே சொன்னார், "உங்களத்தான் தம்பி என்னால செய்ய முடியல. எங்க அறுத்தாலும் மறுபடியும் நீங்களேதான் இருக்கீங்க." இது புகழ்ச்சியா, நக்கலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

மாவு காயவேண்டும், வண்ணம் காயவேண்டும் என்று சாக்குச் சொல்லி ஞாயிறு ஆட்டம் மெல்ல அவர் வீட்டு முன்னறைக்கு மாறியது. ஸ்டுடியோ மேஜை காலியாகக் கிடந்தது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தேன். தெருக்கோடியிலிருந்து மூன்று பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். அதில் அக்காவின் சத்தம் தனியாகத் தெரியும். போகாமலும் இருக்க முடியாது. போனால் விருந்தாளி மாதிரி ஓரத்தில் ஒரு இடம். நான் வாங்கி வந்த ஆட்டத்தில் எனக்கு ஓரத்தில் இடம்!

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சவால் விட்டேன். நானும் அக்காவும் நேருக்கு நேர். புத்தகத்தில் உள்ளபடி, காற்றுப் பட்டியல் உட்பட. நான் ஜெயித்தால் ஆட்டம் ஸ்டுடியோவுக்குத் திரும்பவேண்டும். "சரீங்க தம்பி" என்று உடனே ஒத்துக்கொண்டார். அந்த ஆட்டத்துக்காகப் புதிதாக ஒரு படையையே தயார் செய்தேன். ஸ்டுடியோ வேலை முடிந்ததும் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கேடயத்திலும் கோடு கோடாக வரைந்தேன். குதிரையின் பல்லைக்கூட ராவித் திருத்தினேன். அவரிடம் கொடுக்காமல் நானே செய்தேன்.

ஆட்டத்தன்று காலை, வண்ணம் உரியாமல் இருக்க வார்னிஷ் ஸ்பிரே அடிக்கலாம் என்று படையைப் பலகையில் வரிசையாக நிறுத்தி வாசலுக்குக் கொண்டுபோனேன். மார்கழி மாதம். எதிரே நின்ற பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது, அவ்வளவு பனி. ஈரக் காற்றில் அடிக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. விதி விதி என்று ஊரை வதைத்தவன் அந்த ஒரு விதியைப் படிக்கவில்லை. அடித்த வேகத்தில் படை முழுக்கச் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. துடைத்தேன், ஊதினேன், ஒன்றும் நடக்கவில்லை. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

ஆட்டம் இல்லை என்று சொல்லத்தான் பலகையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். சரவணன், "அய்யய்யோ, என்னண்ணா இது?" என்றான். பெரியசாமி பலகையை வாங்கி மேஜையில் வைத்தான். அக்கா ஒரு வீரனை எடுத்து ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வெளியே தெரு தெரியவில்லை, எதிர்வீடு தெரியவில்லை.

"இதுல என்னங்க தம்பி கொற? பனிக்குள்ள நிக்கறாங்க. கம்பி தூரத்துக்குள்ள வர்ற வரைக்கும் இவங்க யாரு கண்ணுக்கும் தெரியமாட்டாங்க. யாரும் அம்பு உட முடியாது. ஆடலாமுங்களா?"

இந்த விதி புத்தகத்தில் இல்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். ஊருக்கெல்லாம் அப்படித்தானே சொன்னேன். சொல்ல வாய் வரவில்லை. ஆடினோம். என் வெள்ளைப் படை யார் கண்ணிலும் படாமல் மேஜையைக் கடந்து போய், அக்காவின் ரோஸ் நிறப் படைக்கு முன்னால் திடுதிப்பென்று முளைத்தது. சரவணன் எழுந்து நின்றுவிட்டான். பெரியசாமி கையைத் தட்டினான். நான் ஜெயித்தேன். ஆட்டம் ஸ்டுடியோவுக்குத் திரும்பியது. ஆனால் அடுத்த சந்தை நாளில் ஊரே என்ன பேசியது தெரியுமா? "அக்கா பனிப்படைன்னு ஒண்ணு கண்டுபிடிச்சாங்களாமே!" ஜெயித்தவன் நான். பேர் அவருக்கு. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

ஒரு கோடையில் அக்கா மலையிறங்கினார். கீழே டவுனில் சொந்தமாகப் பல் செட் கட்டும் கடை போடப்போவதாகச் சொன்னார். கிளம்புகிற அன்றைக்கு ஸ்டுடியோவுக்கு வந்து, "தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றார். சேனாதிபதியைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "அந்தப் புஸ்தகத்தக் குடுப்பீங்களா? அங்கயும் நாலு பேரைச் சேத்தணும். ராவறதுக்கு ஏதாச்சும் வேணுமில்லீங்க?" என்றார்.

அதைத் திறந்தே வெகுநாள் ஆகியிருந்தது. கொண்டுபோங்க என்று கொடுத்தேன். கையில் வாங்கியவர் கனத்தைப் பார்த்துவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டார். சரவணன் ஓட்டிய பஸ்ஸில்தான் போனார். ஜன்னல் வழியாக, "வாரேனுங்க" என்று கத்தியது பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டது. விட்டது தொல்லை என்று ஷட்டரை முழுக்கத் திறந்துவைத்தேன்.

ஆட்டம் இப்போது என் மேஜையில்தான். ஞாயிறு மதியம் மூன்று பேரும் ஆடுகிறோம், அக்காவின் விதிப்படி. சந்தேகம் வந்தால் இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்த்து, "அக்கா இருந்தா என்னங்கண்ணா சொல்லுவாங்க?" என்று கேட்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவே என் போனுக்கு ஒரு படம் வந்தது. அக்கா அனுப்பியது. புது ஊர், புது மேஜை, சுற்றி நாலைந்து பேர். ஓரத்தில் அக்கா வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரே கண்ணாடி போட்ட ஒரு ஆள். சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல். ஒரு கையில் விரலை உயர்த்தியிருந்தான். மறு கையில் விரித்த புத்தகம். என் புத்தகம். நான் பின் அடித்த தாள்கள், நான் ஒட்டிய மஞ்சள் துண்டுகள், எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு தாளைக்கூட அக்கா கிழிக்கவில்லை.

கூடவே அவர் குரல் பதிவும் வந்தது. "தம்பி, இங்கயும் ஒருத்தரு சிக்கிட்டாருங்க. காத்துப் பட்டியல உடவே மாட்டேங்கறாரு. இவரு இல்லாட்டி ஆட்டமே சப்புன்னு இருக்குங்க."

இவர் இல்லாவிட்டால் சப்பென்று இருக்குமாம்! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் துண்டை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் பிரித்திருந்தது காற்றுப் பட்டியல் இல்லை, முற்றுகைப் பட்டியல். தப்பான பக்கத்தில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்கிறான். இத்தனை காலம் அக்காமேல் எரிந்த வயிறு, முகம் தெரியாத அந்தக் கண்ணாடிக்காரன்மேல் எரிந்தது. அது என் நாற்காலி. நான் ஒவ்வொரு விதியாகச் சொல்லச் சொல்ல, எதிரே உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாக ராவுவாரே, அந்த நாற்காலி. அவர் என்னை ஓரத்தில் உட்காரவைத்தார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவர் புரட்டியிருக்கிறது தப்பான பக்கம்" என்று டைப் செய்து அனுப்பினேன். பதில் வரவில்லை. அங்கே ஆட்டம் மும்முரமாக இருக்கும்.

பெரியசாமி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்கண்ணா, மூஞ்சியே ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க தட்டுதுங்க?"

"எங்கயும் இல்ல. நீ உருட்டு" என்றேன்.

உருட்டினான். எவ்வளவு விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.